2 எம்பிபிஎஸ்ஸில் தெரியாத கோளாறு, 24-க்கு மாறியதும் வெளியே வந்தது

தொலைபேசி லைன் வழியாக வரும் பிராட்பேண்டைத்தான் ஒன்பது வருடமாக வீட்டில் வைத்திருக்கிறேன். முதல் நான்கு வருடம் 2 எம்பிபிஎஸ் பிளான். வேகம் குறைவுதான், ஆனால் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. வாரக்கணக்கில் மோடத்தை அணைக்காமலே வைத்திருப்பேன். லைன் விளக்கு அசையாமல் எரியும். அந்த நம்பிக்கையில்தான் "24 எம்பிபிஎஸ் வரை" என்ற பிளானுக்கு மாறினேன். மாறிய அன்று மோடம் காட்டிய வேகம் 6.3. அதுவும் நிலைக்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை லைன் போய்ப் போய் வந்தது. வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் முகம் உறைந்துவிடும்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், மோடத்தை அணைத்துவிட்டு அரை நிமிடம் கழித்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். மூன்று தடவை புகார் கொடுத்தும் அதே பதில்தான். பழைய பிளானுக்கே திரும்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. எனக்கு ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது: அதே கம்பி, அதே மோடம். நான்கு வருடம் ஒழுங்காக ஓடியது, வேகத்தைக் கூட்டியதும் ஏன் கெட்டது?

பதில் மோடத்துக்குள்ளேயே இருந்தது. மோடத்தின் முகவரியை பிரவுசரில் தட்டி உள்ளே போனால் டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் என்று ஒரு பக்கம் வரும். அதில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். ஒன்று அட்டெனுவேஷன்: தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பிய சிக்னல் நம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற கணக்கு. என் லைனில் 38 டெசிபெல். சாதாரண அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 13.8 டெசிபெல் தேயும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் எக்ஸ்சேஞ்ச் எனக்கு இரண்டே முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வீட்டிலிருந்து நேராக நடந்தால் அவ்வளவு தூரம் வராது. கம்பி சுற்றி வளைத்துக்கொண்டு வருகிறது.

இன்னொன்று நாய்ஸ் மார்ஜின். இப்போது ஓடும் வேகத்துக்கு எவ்வளவு தெளிவான சிக்னல் வேண்டுமோ, அது போக மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எண் இது. என் கேள்விக்கு விடை இதில்தான் கிடைத்தது. 2 எம்பிபிஎஸ் பிளானில் நான் எப்போதோ எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டில் மார்ஜின் 19 டெசிபெல். அதாவது அந்த லைன் தன் பலத்தில் கொஞ்சத்தை மட்டும் வைத்து வேலை செய்துகொண்டிருந்தது. எங்காவது துரு இருந்தாலும், இரைச்சல் வந்தாலும் அந்த 19 தாங்கிக்கொண்டது. புதிய பிளானில் மோடம் லைனால் முடிந்த அளவு வேகத்தை இழுக்கும். வழக்கமாக 6 டெசிபெல் மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வேகமாக மாற்றிவிடும். அதனால் முன்பு கண்ணில் படாத கோளாறெல்லாம் இப்போது நேராக வந்து இடிக்கிறது. பிளானை மாற்றியதால் லைன் கெடவில்லை. நான்கு வருடமும் அது கெட்டுத்தான் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தூரத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. தொலைபேசிக் கம்பியில் பிராட்பேண்டைக் கொண்டுவரும் பழைய முறையான ஏடிஎஸ்எல் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளைப் பயன்படுத்தியது. அதன் உச்சம் 8 எம்பிபிஎஸ். 2003-இல் வந்த ஏடிஎஸ்எல் 2 பிளஸ் அதை 2.2 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி, அந்த இடத்தை 512 சின்னச் சின்ன சேனல்களாகப் பிரித்துக்கொண்டது. 24 என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் கம்பி நீள நீள, முதலில் சாகிறது உயர்ந்த அலைவரிசைகள்தான். என் மோடம் வரைந்து காட்டும் படத்தில் இடது பக்கச் சேனல்கள் நெருக்கமாக நிற்கும், வலப்பக்கம் போகப் போகக் குட்டையாகி, கடைசிப் பகுதி காலியாகவே கிடக்கும். எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் நண்பர் அதே பிளானில் 20-க்கு மேல் எடுக்கிறார். எனக்கு 9, 10 வந்தால் அதுவே முழுசு. இதைப் புரிந்துகொண்ட பிறகு 24-ஐ நினைத்து ஏங்குவதை விட்டேன். 6.3 ஏன் 9 ஆகவில்லை என்பதை மட்டும் தேட ஆரம்பித்தேன்.

முதலில் வீட்டுக்குள் பார்த்தேன். முன்னறையில் லைன் வந்து இறங்கும் இடத்திலிருந்து படுக்கையறைக்கு ஒரு தட்டையான எக்ஸ்டென்ஷன் வயர் சுவரோரமாகப் போகிறது. அந்தப் பக்கம் போன் எடுத்து வருடக்கணக்காகிவிட்டது, வயர் மட்டும் இருந்தது. சும்மா கிடக்கும் வயர்தானே என்று நினைக்கத் தோன்றும். பேச்சுக்கு அது ஒன்றும் செய்யாது, பிராட்பேண்டுக்குச் செய்யும். சிக்னல் அதற்குள்ளும் ஓடி, முனையில் முட்டி, திரும்பி வந்து அசல் சிக்னலோடு மோதும்; சில அலைவரிசைகள் அடிபட்டுப்போகும். அதோடு, தொலைபேசிக் கேபிளில் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வருவதே வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, முனையில் கழிந்துபோவதற்காகத்தான். தட்டை வயரில் அந்த முறுக்கு இல்லை, அது ஆன்டெனா மாதிரி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும்.

அதைக் கழற்றினேன். மோடத்தை லைன் இறங்கும் பெட்டிக்குப் பக்கத்திலேயே, ஒரு மீட்டர் வயரில் கொண்டுவந்து வைத்தேன். பேச்சையும் பிராட்பேண்டையும் பிரித்துவிடும் பழைய ஸ்ப்ளிட்டரையும் மாற்றினேன். வேகம் 8.1 ஆனது. ஒரு வயரைக் கழற்றியதற்கே இவ்வளவு! ஆனால் லைன் துண்டிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அடுத்த தடயத்தைத் தற்செயலாகப் பிடித்தேன். ஒரு நாள் மோடத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். போன் மணி அடித்தது. இரண்டாவது மணியில் லைன் விளக்கு மினுக்கத் தொடங்கி, அணைந்துவிட்டது. சரி என்று கைபேசியிலிருந்து வீட்டு எண்ணுக்கு நானே அடித்துப் பார்த்தேன். ஐந்து தடவையில் நான்கு தடவை விளக்கு போனது. இன்னொன்றும் கவனித்தேன்: போனை எடுத்துக் கொஞ்ச நேரம் பேசி வைத்த பிறகு, இரண்டு மூன்று மணி நேரம் லைன் ஒழுங்காக இருக்கும். அப்புறம் மறுபடி பழைய கதை. ரிசீவரை எடுத்து ஒரே ஒரு எண்ணை அழுத்தி, டயல் டோன் நின்றதும் காது கொடுத்துக் கேட்டேன். நல்ல லைனில் அந்த நேரத்தில் நிசப்தமாக இருக்க வேண்டும். என் லைனில் எண்ணெயில் தண்ணீர் விழுந்தாற்போல் ஒரு பொரிச்சல்.

அடுத்த புகாரை வேறு மாதிரி கொடுத்தேன். "இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது" என்று சொல்லவில்லை. "போனில் இரைச்சல் இருக்கிறது, மணி அடித்தால் லைன் போகிறது" என்றேன். மறுநாளே லைன்மேன் வந்துவிட்டார். நாற்பது வருடம் இந்த வேலையில் இருந்தது போன்ற நிதானம் அவருக்கு. நான் சொல்லி முடிக்கும் முன்பே கேட்டார்: "தம்பி, பேசி வெச்சதும் கொஞ்ச நேரம் நல்லா இருக்குமே?"

"ஆமாண்ணே, எப்படிச் சொன்னீங்க?"

"ஜாயின்ட் பூத்திருக்கும். நீங்க போனை எடுக்கும்போது கரண்ட் ஓடும்ல, அது அந்தப் பூப்பைத் துளைச்சுக்கிட்டுப் போயிடும். கொஞ்ச நேரம் பிடிச்சு நிக்கும். அப்புறம் திரும்பப் பூத்துக்கும்."

கம்பத்தில் ஏறி அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்தார். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்து, உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. என் ஜோடிக் கம்பிகள் சேரும் இடத்தைக் கீழே இறக்கிக் காட்டினார். பழைய டேப் பிசுபிசுவென்று உரிந்து வந்தது. உள்ளே செம்பு செம்பாகவே இல்லை. பச்சைப் பொடி அப்பி, விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. ஒரு கம்பி மெல்லிய நூல் போல அரித்துப்போயிருந்தது. இவ்வளவு நாள் என் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு மின்னஞ்சலும் படமும் அந்தப் பச்சைப் பொடியைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன. அரித்த பகுதியை வெட்டிவிட்டு, ஜெல் நிரப்பிய புது கனெக்டரை வைத்து அழுத்தினார். கால் மணி நேர வேலை. மோடம் 9.8-இல் பிடித்தது. மணி அடித்தாலும் விளக்கு அசையவில்லை.

ஸ்பீடு டெஸ்டில் 8.3, 8.4 என்று வரும். அது கோளாறு இல்லை. மோடம் காட்டும் வேகத்தில் சுமார் 15 சதவீதம் தகவலைக் கட்டி அனுப்பும் உறைகளுக்கே போய்விடும். பலர் இதைப் பார்த்து வீணாகச் சண்டை போடுகிறார்கள்.

சரியான பிறகும் சில வாரங்கள் ஒரு தொந்தரவு இருந்தது. லைன் அடிக்கடி அறுந்துகொண்டிருந்த நாட்களில், எக்ஸ்சேஞ்சில் உள்ள தானியங்கி நிர்வாகம் இது நிலையில்லாத லைன் என்று முடிவு கட்டி, மார்ஜினை 6-லிருந்து 9-க்கு ஏற்றி, தகவலைக் கலைத்து அடுக்கி அனுப்பும் இன்டர்லீவிங் என்ற முறையையும் போட்டுவிட்டது. பிழை குறையும், ஆனால் வேகம் கொஞ்சம் போகும், தாமதமும் கூடும். எனக்கு பிங், அதாவது ஒரு சிக்னல் போய்த் திரும்பும் நேரம், 12 மில்லி விநாடியிலிருந்து 38-க்குப் போனது. ஆத்திரத்தில் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டதும் இதற்கு ஒரு காரணம்; நாம் அணைப்பதையும் லைன் அறுந்ததாகவே அது எண்ணிக்கொள்ள வாய்ப்பு உண்டு. மூன்று வாரம் மோடத்தைத் தொடாமல் விட்டேன், தானாக இறங்கியது.

இரவு இரைச்சல் தனி விஷயம். அந்த நாட்களில் காலையில் 6 இருந்த மார்ஜின் இரவு ஒன்பது மணிக்கு 3.5 ஆகிவிடும். இருட்டியதும் மீடியம் வேவ் வானொலி அலைகள் வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் பரவும். அந்த அலைகள் இருப்பதும் பிராட்பேண்ட் ஓடும் அதே அலைவரிசைகளில்தான். இதற்கு நான் கண்ட வழி எளிது: மோடத்தை மறுபடி போட வேண்டிய நாள் வந்தால் இருட்டிய பிறகு போடுவேன். இரவு இரைச்சலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அது வேகத்தைத் தீர்மானிக்கும். கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் நள்ளிரவில் அறுந்துபோகாது.

இரண்டு வருடத்துக்கு முன் தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர் வந்தது. அங்கிருந்து வீட்டுக்கு 650 மீட்டர் பழைய செம்புக் கம்பியேதான். இப்போது ஏடிஎஸ்எல்லுக்கு அடுத்து வந்த வேகமான முறையான விடிஎஸ்எல் 2, பிளான் 50. இது 17 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது; அவ்வளவு உயரத்தில் சின்னக் கோளாறும் பெரிதாகத் தெரியும் என்பதால், இந்தத் தடவை பிளான் மாற்றுவதற்கு முன்பே டயல் டோனைக் கேட்டேன், எண்களைக் குறித்துவைத்தேன், அதே லைன்மேனை வரவழைத்து ஜாயின்ட்டைப் பார்க்கச் சொன்னேன். முதல் நாளே 44-இல் பிடித்தது. அதன் பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாகச் சேரச் சேர, பக்கத்துக் கம்பிகளின் சிக்னல் என் கம்பியில் கசிந்து 38-க்கு இறங்கியிருக்கிறது. அந்தக் கசிவைக் கழிக்கும் வெக்டரிங் என்ற முறை 2010-லேயே தரநிலையாகிவிட்டது, எங்கள் பெட்டியில் இன்னும் போடவில்லை. கேட்டு எழுதியிருக்கிறேன்.

போன வாரம் மூன்று நாள் விடாமல் மழை. மூன்று நாளும் காலையும் இரவும் மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மார்ஜின் 6.2, 6.1, 6.2. லைன் பிடித்து இன்றோடு 71 நாள்.