எஸ்சிடலோப்ராம் 10 எம்ஜி: பதினாலு மாசம் போட்டவளோட ரிவ்யூ

குக்கர், மிக்ஸிக்கெல்லாம் ரிவ்யூ எழுதியிருக்கேன், மாத்திரைக்கு எழுதுறது இதான் ஃபர்ஸ்ட் டைம். எஸ்சிடலோப்ராம்ங்கிறது பதட்டம், மனச்சோர்வுக்குக் குடுக்கிற மாத்திரை. டாக்டர் எழுதிக் குடுத்துப் போட்டது, இப்போ அவங்க சொல்லித்தான் குறைச்சிட்டு வரேன்.

ஒரு வாரம் 5 எம்ஜி, அப்புறம் 10. காலைல டிபனுக்கு அப்புறம். முதல் பத்து நாள் இருக்கே, சாம்பார் தாளிக்கிற வாசம் வந்தாலே குமட்டல், வாய் காஞ்சு போய் ஆபீஸ்ல பாட்டில் பாட்டிலா தண்ணி, பகல் பூரா கொட்டாவி ஆனா ராத்திரி படுத்தா பொட்டுத் தூக்கம் இல்ல, பதட்டம் வேற முன்னாடி இருந்ததை விட ஜாஸ்தி. எட்டாவது நாள் கிளினிக்குக்கு போன் போட்டு நிறுத்திடவான்னு கேட்டேன். "பக்கவிளைவு முதல்ல வரும்மா, பலன் பின்னாடிதான் வரும், நாலு வாரமாவது பொறுங்க"ன்னாங்க.

ஆனா எல்லாத்தையும் பொறுத்துக்கக் கூடாது. சின்ன வயசுக்காரங்களுக்கு ஆரம்ப வாரங்கள்லயும் டோஸ் மாத்துறப்பவும் தற்கொலை எண்ணம் கூடலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004லயே மருந்துக் குறிப்புல கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிச்சுது, 2007ல அதை 24 வயசு வரைக்கும் நீட்டிட்டாங்க. அப்படி எண்ணம் வந்தா அன்னைக்கே டாக்டர்ட்ட சொல்லணும், நடுராத்திரின்னா 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம்.

மூணாவது வாரம் ஒரு நாள், மேனேஜர் பேர் போன்ல வந்தாலே வயித்தைப் பிசையும் எனக்கு, அன்னைக்கு "சொல்லுங்க சார்"னு எடுத்துப் பேசிட்டு வச்சப்புறம்தான் உறைச்சுது, பிசையவே இல்லையேன்னு. சந்தோஷம் பொங்கல்லாம் இல்ல. சத்தம் குறைஞ்ச மாதிரி, அவ்ளோதான்.

யாரும் வாய் விட்டு சொல்லாதது ஒண்ணு, படுக்கையறை விஷயம். ஆசையே குறைஞ்சு போச்சு. நாலு மாசம் எம்மேலதான் தப்புன்னு நெனச்சு வீட்டுக்காரர்ட்ட கூட சொல்லல. டாக்டர்ட்ட தயங்கித் தயங்கி சொன்னா அவங்க சர்வ சாதாரணமா, நிறைய பேருக்கு வர்றதுதான், டோஸ் குறைக்கலாம் இல்ல மருந்து மாத்தலாம்னாங்க.

இப்போ மெடிக்கல் ஷாப் கதைக்கு வரேன். ஒரு தடவை என் பிராண்ட் ஸ்டாக் இல்லன்னு "ரெண்டும் ஒரே மருந்துதான்க்கா"ன்னு வேற அட்டை குடுத்தார் அந்தத் தம்பி. நாலு நாளா மதியம் ஆனா கண்ணு சொக்குது, ஸ்கூட்டில சிக்னல்ல நிக்குறப்பவே தலை தொங்குது. அட்டையைத் திருப்பிப் பாத்தா பேருக்குப் பின்னாடி பொடி எழுத்துல "ப்ளஸ்", கூடவே குளோனசெபாம் 0.5. அது வேற வகை மருந்து, பழகிப் போற மருந்து. திருப்பிக் குடுக்கப் போனா "தூக்கம் நல்லா வரும்லக்கா"ங்கிறார்!

வலி மாத்திரையும் அப்படித்தான். பல்லு பிடுங்கப் போனப்ப இதைப் போடுறேன்னு முதல்லயே சொல்லிட்டேன், ஏன்னா ஐபுப்ரோஃபென் சேந்தா ரத்தக்கசிவு ரிஸ்க் கூடும், டிரமடால் சேந்தா உடம்புல செரடோனின்ங்கிற ரசாயனம் எக்கச்சக்கமா ஏறி ஜுரம் நடுக்கம்னு ஆபத்தாயிடலாம்.

திருச்செந்தூர் போனப்ப அட்டையை வீட்லயே வச்சுட்டுப் போயிட்டேன். மூணாம் நாள் கண்ணை ஒரு பக்கம் திருப்புனா தலைக்குள்ள சுருக் சுருக்னு கரண்ட் அடிக்குது, காரணமே இல்லாம அழுகை வேற. இந்த மருந்து ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேல ஆனாலே ரத்தத்துல பாதியா குறைஞ்சிடுமாம், அதனால சட்டுனு நிறுத்தவே கூடாது, நல்லா இருக்குன்னு தோணுனாலும்.

மாத்திரைக்கு 4 ஸ்டார், அந்தக் கடைக்கு ஒண்ணும் கிடையாது. இப்போ 5 எம்ஜியைப் பாதியாக்கி 2.5ல இருக்கேன், உடைச்சா ஒரு பக்கம் பெருசா வருது மறு பக்கம் தூளா போகுது, நடுவுல அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் ஆழமா போட்டா என்ன குறைஞ்சு போயிடும் கம்பெனிக்காரங்களுக்கு.