கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிய விளையாட்டு: முன்பள்ளி தேடும் பெற்றோருக்கு

ஹட்டன், டிக்கோயா, கொட்டகலைப் பக்கம் பிள்ளையை முன்பள்ளியில் சேர்க்க இடம் தேடுகிறவர்கள், காசு கட்டுவதற்கு முன் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். நான் காசு கட்டி ஏமாந்த முன்பள்ளியின் பெயரை இதில் போடவில்லை. பொலிஸ், வழக்கு என்று அலைய எனக்குத் தெம்பில்லை. அதே மாதிரி போர்டு இப்போது டவுனுக்கு டவுன் தொங்குகிறது என்பதும் ஒரு காரணம்.

நான் டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில். மகளுக்கு நாலு வயது முடியும்வரை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில்தான் (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) விட்டிருந்தேன். கடைக்கு வந்த ஒருவர் பளபளப்பான நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார். 'விளையாட்டு வழிக் கற்றல், செயற்றிட்ட (புரொஜெக்ட்) வழிக் கற்றல், சர்வதேசத் தரம்.' படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தது.

அட்மிஷன் 35,000 ரூபா, தவணைக் கட்டணம் 24,000, 'புரொஜெக்ட் சாமான்' என்று 9,000. மொத்தம் 68,000. சீட்டுக்காசு கைக்கு வந்திருந்த நேரம், அப்படியே கொண்டுபோய்க் கட்டினேன்.

கட்டுவதற்கு முன் பார்க்கத்தான் போனேன், பார்க்காமல் இல்லை. கடைத்தொகுதி ஒன்றின் மாடி. கண்ணாடி அலுமாரி நிறைய மரக்கட்டைகள், கலர் வளையங்கள், கைப்பொம்மைகள், குட்டித் தராசு. பக்கத்து மேசையில் போன வருடப் பிள்ளைகளின் புரொஜெக்ட்கள்: சூரியக் குடும்பம், கப்பல், மழைக்காடு. எல்லாம் ரெஜிபோமில் வெட்டி, வர்ணம் அடித்து, ஓரத்தில் ஒரு பிசிறு இல்லாமல் இருந்தன. "நாலு வயசுப் பிள்ளைங்களா மெடம் இதெல்லாம் செஞ்சாங்க?" என்று அதை நடத்துகிற மெடத்திடம் கேட்டேன். "எங்க பிள்ளைங்க எழுதவே மாட்டாங்கம்மா, விளையாடியே படிச்சிருவாங்க" என்றார். நான் ஏமாந்தது அந்த மேசைக்கு முன்னால்தான். நாலு வயதுக் கை கத்தரிக்கோல் பிடித்தால் வட்டம் வட்டமாகவா வரும்? வீட்டில் தினமும் பார்க்கிற எனக்கு அது உறைக்கவில்லை.

மூன்றாவது வாரம் மகள் ஒரு புதுச் சொல்லோடு வந்தாள். "போட்டோ சாமான்." விசாரித்தால், அலுமாரியைத் திறப்பது போட்டோ எடுக்கிற அன்றைக்கு மட்டும்தானாம். ஆளுக்கு ரெண்டு கட்டையைக் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லி, எடுத்து முடித்ததும் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார்களாம். அந்தப் படங்கள்தான் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் வரும். நாங்களும் ஹார்ட் போட்டுக்கொண்டிருந்தோம். மற்ற நாளெல்லாம் போட்டோ கொப்பித் தாள். புள்ளிக் கோட்டின் மேல் அ, ஆ, இங்கிலீஷ் ஏ, பி, பிறகு சிங்கள எழுத்து. வீட்டுக்கும் நாலு தாள். பென்சிலை அழுத்தி அழுத்தி அவளுடைய நடுவிரல் ஓரம் சிவந்து கிடந்தது.

புரொஜெக்ட் கதை இதைவிட மோசம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு செய்தி வந்தது: 'திங்கட்கிழமை எரிமலை மொடல் கொண்டுவரவும்.' இந்த நாட்டிலேயே எரிமலை கிடையாது. சரி, பரவாயில்லை என்று நானும் மகளும் உட்கார்ந்தோம். பழைய பேப்பரைக் கிழித்து, மாவுப் பசை காய்ச்சி, யோகட் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் ஒட்டினோம். மண்ணுக்கு அவளே தேயிலைத்தூளை அள்ளிக் கொட்டினாள். மலை ஒரு பக்கம் சரிந்துதான் நின்றது. ஆனால் ரெண்டு நாளும் "நெருப்பு எங்கேயிருந்து வருது, நம்ம மலைக்குள்ளயும் இருக்கா" என்று என்னைத் துளைத்து எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை அது திரும்பி வந்தது. 'தரம் போதாது, கண்காட்சிக்கு வைக்க முடியாது. கீழ்க்கடையில் வாங்கலாம்.' கீழ்க்கடையில் எரிமலை 1,800 ரூபா, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கடை, முன்பள்ளி மெடத்தின் தம்பியுடையது என்று பிற்பாடுதான் தெரிந்தது. வாங்கினேன், மறைக்கவில்லை. கண்காட்சி நாளில் மகள் அதற்குப் பக்கத்தில் நின்று, "திஸ் இஸ் மை வொல்கேனோ" என்று ஒப்புவித்தாள். தொடக்கூடாது, உடைந்துவிடும் என்று முதல்நாளே சொல்லி வைத்திருந்தார்கள். விருந்தாளி ஒருவர் குனிந்து, "இது என்ன பாப்பா?" என்று தமிழில் கேட்டார். "கடையில வாங்குன மலை" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்துவிட்டு முதலாம் தரத்துக்குக் கற்பிக்கும் என் சிநேகிதியிடம் போய்ப் புலம்பினேன். அவள் சொன்னதைக் கேட்டபிறகுதான் காசு போன வழி புரிந்தது. 1918இல் கில்பற்றிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் செயற்றிட்ட முறையைப் பற்றி எழுதியபோதே, பிள்ளை முழு மனதோடு, தனக்கென்று ஒரு நோக்கத்தோடு இறங்கிச் செய்கிற வேலை என்றுதான் அதைச் சொன்னாராம். கேள்வி பிள்ளையிடமிருந்து வரவேண்டும். போய்ப் பார்ப்பது, கேட்பது, செய்து கெடுப்பது, திரும்பச் செய்வது என்று நாள் கணக்கில் இழுக்கும். கடைசியில் ஒரு பொருள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. நாம் முன்பள்ளியை எல்லாம் 'மொண்டிசோரி' என்கிறோமே, அந்த அம்மையார் 1907இல் ரோம் நகரில் முதல் பள்ளியைத் திறந்ததே ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தானாம், நம் லயத்துப் பக்கம் மாதிரி. 1944இல் இலங்கைக்கே வந்து பயிற்சி கொடுத்திருக்கிறார். அவருடைய சாமான்கள் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், திறந்த தட்டில் இருக்க வேண்டும். பூட்டு எங்கேயிருந்து வந்தது?

அவள் சொன்ன இன்னொன்றுதான் எனக்குச் சுருக்கென்றது. 1999இல் நாடு முழுக்கப் புதிய ஆரம்பக் கல்விப் பாடத்திட்டம் வந்ததிலிருந்து, அரசாங்கப் பாடசாலையில் முதலாம், இரண்டாம் தரங்களில் வழிகாட்டலோடு கூடிய விளையாட்டுக்குத்தான் முதலிடம். எழுத்து வேலை மேல் வகுப்புக்குப் போகப் போகத்தான் கூடும். அப்படியிருக்க, நாலு வயதில் நாலு தாள் எழுத வைத்தது யாருக்காக? ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பயம் நமக்கு நாலு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பயத்தை அவர்கள் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள்.

காசைத் திருப்பிக் கேட்டேன். படிவத்தின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் 'செலுத்திய பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று இருந்தது. பதிவுச் சான்றிதழைக் கேட்டால், "விண்ணப்பம் கொடுத்திருக்கோம், வந்துரும்" என்றார்கள். பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பார்த்தேன். அந்தப் பெயரில் பதிவு இல்லை என்றார். மூன்று தடவை ஏறி இறங்கி, சாமான் காசில் 5,000 மட்டும் வாங்கினேன். மீதி போனது போனதுதான்.

இப்போது மகள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சின்ன முன்பள்ளிக்குப் போகிறாள். தகரக் கூரை, மழை பெய்தால் டீச்சர் பேசுவது கேட்காது. போன மாதம் ஒரு பையன், மழை நாளில் தன் அம்மாயி (பாட்டி) பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறையில் தண்ணீருக்கென்று கிலோ வெட்டுகிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறான். டீச்சர் பதில் சொல்லவில்லை. உடுப்புக் கொழுவியின் ரெண்டு பக்கமும் யோகட் கோப்பை கட்டித் தராசு செய்ய விட்டிருக்கிறார். நனைந்த இலை ஒரு பக்கம், காய்ந்த இலை ஒரு பக்கம். எட்டு நாள் இது ஓடியது. ஒருநாள் அந்த அம்மாயியே வந்து, ரெண்டு இலையும் மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று காட்டிவிட்டுப் போனாராம். மகள் வீட்டில் வெங்காயத்தையும் என் செருப்பையும் நிறுத்துக்கொண்டிருக்கிறாள்.

பார்க்கப் போகிறவர்கள் அவர்கள் கூப்பிடும் நாளில் போகாதீர்கள். சாதாரண நாளில், பத்து மணி போல, சொல்லாமல் போங்கள். விளையாட்டுச் சாமானில் கீறல், அழுக்கு, உடைந்த ஓரம் இருக்கிறதா பாருங்கள். புத்தம் புதிதாக மின்னினால் கேள்வி கேளுங்கள். சுவரில் இருபது வண்ணத்துப்பூச்சியும் ஒரே அச்சாக இருந்தால் அதுவும் டீச்சர் வெட்டியதுதான். பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். கட்டிய காசுக்கு எனக்குத் தந்தது முத்திரையில்லாத துண்டுச் சீட்டு. அதை வாங்கி ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு வந்தது என் பிழை.

அந்த மாடிக்குக் காசு கட்டிய வேறு பெற்றோர் யாரும் இதைப் பார்த்தால், துண்டுச் சீட்டானாலும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். அடுத்த புதன்கிழமை எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகிறேன். இதுவரை மூன்று அம்மாமார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.