நிலக்கீழறைச் சுவருக்கு எந்த ஃபோம்: ஓப்பன் செல்லா, குளோஸ்ட் செல்லா?

கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீடு 1960களில் கட்டப்பட்டது. சென்ற ஆண்டுக்கு முந்திய ஜனவரியில் நிலக்கீழறையின் பழைய சுவரைக் கழற்றியபோது, வெப்பத்தடுப்பாக வைத்திருந்த ஃபைபர்கிளாஸ் பொதிகளின் பின்புறம் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது; தரைச் சட்டங்கள் அத்திவாரத்தின் மேல் அமரும் விளிம்பில் ஆணி முனைகள் எல்லாம் வெண்பனி பூத்திருந்தன. தெளித்ததும் நுரைத்துப் பெருகி இறுகும் வெப்பத்தடுப்பான ஸ்பிரே ஃபோம் அடிப்பதென்று அன்றே முடிவாயிற்று. எந்த வகை என்பதற்குத்தான் நாள் பிடித்தது.

இரண்டும் பொலியூரிதேன்தான். ஓப்பன் செல்லின் நுண்ணறைகள் திறந்திருப்பதால் அது பாண் போல் அமுங்கும். நுண்ணறைகள் மூடிய குளோஸ்ட் செல் விரலுக்கு மரம் போல் நிற்கும். காற்றுப் புகும் இடுக்குகளை இரண்டும் அடைத்துவிடும். விலையில் குளோஸ்ட் செல்லே அதிகம். ஆனால் வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் ஆர் மதிப்பு அங்குலத்துக்கு அதில் ஏறக்குறைய 6, மற்றதற்கு 3.6 அளவில்தான் என்பதால், ஒரே தடிமனை வைத்து விலையை ஒப்பிடுவது சரியாகாது. ஆர் 18 பெற எங்களுக்கு 3 அங்குலம் போதுமாயிருந்தது. ஓப்பன் செல்லில் 5 அங்குலம் வேண்டும், சிறிய அறையில் அந்த இடமும் ஒரு செலவுதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஈரம். நிலக்கீழறையின் கொங்கிரீட் சுவர் கீழ்ப்பகுதியில் மண்ணின் ஈரத்தை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. நிலமட்டத்துக்கு மேலே நிற்கும் பகுதியோ மாரியில் உறைநிலைக்குக் கீழே போய்விடுகிறது. சோறு வடித்து, குளித்து, துணி உலர்த்தி நாம் வீட்டுக்குள் சேர்க்கும் நீராவி ஓப்பன் செல்லை ஊடுருவிச் சென்று அந்தக் குளிர்ந்த கொங்கிரீட்டில் நீராகப் படியும். அதைத் தடுக்க உட்பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் போட்டால், மண்ணிலிருந்து வரும் ஈரம் தாளுக்கும் சுவருக்கும் இடையில் அகப்பட்டுவிடும். எங்கள் பழைய சுவரில் நடந்தது அதுதான். குளோஸ்ட் செல் 2 அங்குலத்துக்கு மேல் அமைந்தால் தானே நீராவித் தடுப்பாகிவிடுவதால் தனித் தாள் தேவைப்படுவதில்லை. இரு வகையிலும் உள்ளங்கையளவு துண்டை ஓர் இரவு வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்துப் பார்த்தேன். காலையில் ஓப்பன் செல் துண்டைப் பிழிந்தபோது நீர் சொட்டியது. மற்றதைத் துணியால் துடைத்ததுமே உலர்ந்துவிட்டது. ஆயினும் வெடிப்பு வழியாக நீர் கசியும் சுவராயின் முதலில் அதைத் திருத்த வேண்டும். ஃபோம் கசிவை மறைக்குமேயன்றி நிறுத்தாது.

ஓப்பன் செல்லை நான் முற்றாக ஒதுக்கவில்லை. ஒலியை உறிஞ்சுவதில் அதுவே மேல் என்பதால், வாடகைப் பகுதிக்கும் எங்கள் படுக்கையறைக்கும் இடையிலான தளச் சட்டங்களுக்குள் அதையே அடித்தோம். கூரைச் சரிவில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எனக்கு அனுபவமில்லை. கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலுள்ள மேற்தட்டின் தளத்தில் இரண்டுமே வீண்செலவு என்பேன். அங்கே ஊதி நிரப்பும் செல்லுலோஸ் என்ற காகித நார் மிகக் குறைந்த செலவில் போதிய வெப்பத்தடுப்பைத் தருகிறது.

குளோஸ்ட் செல் இறுகும்போது நன்றாகச் சூடேறும். ஆகவே ஒரே மூச்சில் 3 அங்குலத்தையும் அடிக்க விடாமல், முதற்படை ஆறிய பின்னரே அடுத்த படையை அடிக்கச் சொல்லுங்கள். முதலில் வந்த ஒப்பந்தக்காரர் அந்த இடைவெளியை விட மறுத்ததால் அவரைத் திருப்பி அனுப்பினோம். அடித்த பின் குறைந்தது 24 மணி நேரம் வீட்டில் தங்கக் கூடாது. தீப்பாதுகாப்புக்காக ஃபோமை டிரைவால் எனும் ஜிப்சம் பலகையால் மூடவும் வேண்டும்.

இரண்டு மாரிகள் கடந்துவிட்டன. விளிம்புச் சட்டத்தில் பார்வைக்காக விட்ட சிறு கதவைத் திறந்து பார்த்தால் பனியும் இல்லை, வாடையும் இல்லை. இருபது ஆண்டுகளில் என்னாகும் என்பதற்கு இந்த இரண்டு மாரிகள் சான்றாகா. ஒட்டியதைப் பெயர்ப்பது பெரும்பாடு என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: மின்கம்பி, தண்ணீர்க் குழாய் மாற்றங்கள் அனைத்தையும் ஃபோம் அடிப்பதற்கு முன்னரே முடித்துவிடுங்கள்.