டைகாம் கோப்பை வேர்டுக்குள் கொண்டுவர: படமாகவா, எழுத்தாகவா?

ஸ்கேன் சென்டரில் குறுந்தட்டில் போட்டுத் தருவது டைகாம் கோப்புகள், அதாவது மருத்துவப் படங்களுக்கான தனி வடிவம். வேர்டு அவற்றை நேரடியாகத் திறக்காது.

மைக்ரோடைகாம் போன்ற வியூவரில் திறந்து, பிஎன்ஜியாகச் சேமித்து, வேர்டில் செருகுவது ஒரு வழி. சில நிமிட வேலைதான். ஆனால் சிடி ஸ்கேனில் ஒரு புள்ளிக்கு வழக்கமாக 12 பிட், அதாவது 4096 சாம்பல் படிகள்; வெளியே வரும் படத்தில் பெரும்பாலும் 256தான். நெஞ்சு ஸ்கேனை நுரையீரல் விண்டோவில், அதாவது நுரையீரல் தெளிவாகத் தெரியும் சாம்பல் வரம்பில், வைத்துச் சேமித்தால் இதயப் பக்கத்து விவரம் வெளுத்துப் போகும். அப்புறம் வேர்டில் பிரைட்னஸை எவ்வளவு திருகினாலும் திரும்பாது. விண்டோவை மாற்றி இரண்டு படமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓர எழுத்துகளை அணைக்காவிட்டால் நோயாளியின் பெயரும் படத்திலேயே பதிந்து வரும்.

இன்னொன்று ஓசிஆர். படத்திலுள்ள எழுத்தைத் திருத்தும்படி ஆக்கித் தரும். அல்ட்ராசவுண்ட் அளவுகளுக்கு உதவும், சரி, ஆனால் 1.8 செ.மீ. என்பதை 18 என்று படித்துவிடலாம். நான்கைந்து எண்களுக்காக நான் அதை நம்பமாட்டேன், கையாலேயே தட்டிவிடுவேன். அறிக்கையே டைகாம் எஸ்ஆர் கோப்பாக (படமாக இல்லாமல் எழுத்தாகவே சேமித்த அறிக்கை) வந்திருந்தால் ஓசிஆரே வேண்டாம். டிசிஎம்டிகே என்ற டைகாம் மென்பொருள் தொகுப்பிலுள்ள கருவி அதை ஹெச்டிஎம்எல் ஆக்கும். வேர்டு அதைத் திறந்துவிடும்.