கல்கிசை டைவிங் நிலையம்: தண்ணிக்குள்ளே கவனிப்பு, படகில் வெயில்

கனடாவிலிருந்து வந்த மச்சானுக்கும் மருமகளுக்கும் ஸ்கூபா டைவிங் போயே ஆக வேண்டுமாம், அதனால் கல்கிசைக் கரையோரத்தில் உள்ள ஒரு சின்ன டைவிங் நிலையத்தில் பதிந்து நானும் கூடப் போனேன். கொழும்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பற்றி ஏற்கனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விடுகிறேன். வருகிறவர்களின் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அதில் பயிற்சியாளருக்கு முழு மார்க் கொடுக்கலாம். மருத்துவப் படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஆஸ்துமா, வலிப்பு, பிரஷர், போடுகிற மாத்திரைகள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மருமகளுக்குத் தடிமன். "மாத்திரை போட்டிட்டன் அண்ணா, இப்ப மூக்கு திறந்துதான் இருக்கு" என்றாள். "பயமே அதுதான் தங்கச்சி, கீழே இருக்கேக்க மாத்திரையின் வேலை முடிஞ்சா என்ன செய்வீங்க?" என்றார். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு, அங்கிருந்து ஏறும்போது சைனஸிலும் காதிலும் உள்ள காற்று விரியும், மூக்கு அடைத்திருந்தால் அது வெளியேற வழியில்லை. பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஆனாலும் மனிசன் அசையவில்லை. மேலதிகக் காசு வாங்காமல் வேறு நாளுக்கு மாற்றித் தந்தார்.

தண்ணிக்குள்ளேயும் அவசரம் இல்லை, ஏறும்போது 5 மீற்றரில் 3 நிமிடம் நிறுத்தித்தான் மேலே கொண்டுவந்தார்கள். கரைக்கு வந்ததும் காதை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார்கள், பஞ்சுக் குச்சியைத் தொட விடவில்லை. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் காயாமல் காதுக்குள் கிருமி பிடிப்பது லேசு.

குறை என்றால் படகுதான். கூரை கிடையாது. எல்லோரும் டைவிங் உடுப்பை இழுத்துப் பூட்டிய பிறகு எஞ்சின் மக்கர் பண்ண, மார்ச் வெயிலில் அப்படியே உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ரப்பருக்குள் வியர்வை ஆறாது, உடம்பு கொதிக்கும், மச்சானுக்குத் தலை சுற்றியே விட்டது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் டைவிங்குக்குப் பிறகு வரும் அழுத்த நோய்க்கும் (ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், மேலே அழுத்தம் குறையும்போது குமிழிகளாகிப் படுத்தும் பாடு) அது தோது. குடிக்க அவர்கள் வைத்திருந்தது சோடாவும் பிளேன்டீயும் மட்டும், நல்லவேளை நான் ஜீவனி (உடம்பில் நீர் குறைந்தால் குடிக்கும் உப்புத் தூள்) பக்கற்றை ஒரு லீற்றர் போத்தலில் கரைத்துக் கொண்டுபோயிருந்தேன். இறங்கப்போகும் நேரம் வரைக்கும் உடுப்பை இடுப்போடு வைத்திருங்கள், யார் அவசரப்படுத்தினாலும் சரி.

அப்புறம் இன்னொன்று. பிளைட் எப்போது என்று கேட்டார்கள், பல தடவை இறங்கினால் குறைந்தது 18 மணித்தியாலம் பறக்கக் கூடாது என்றும் சொன்னார்கள், சந்தோசம். ஆனால் மலைநாட்டுப் பயணம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. மச்சான் ஆட்களுக்கோ மறுநாள் விடியவே நுவரெலியா! அது கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரம், வான் வண்டியில் ஏறிப் போனாலும் அழுத்தம் குறையத்தான் செய்யும். நானே கேட்ட பிறகுதான் ஒரு நாள் தள்ளிப் போகச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் எத்தனையோ பேர் கடலும் மலையும் ஒரே கிழமையில் பார்க்கிறார்கள், படிவத்திலேயே இதையும் சேர்க்கலாம்.

ஐந்துக்கு நாலு. போவதென்றால் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போங்கள், மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் இந்தப் பக்கம் கடல் கலங்கிவிடும், அந்த நேரம் திருகோணமலைதான் சரி.