பாச்சாத்தா ரோசா: வரவேற்பறைக்கு வந்த மதுக்கடைப் பாட்டு

டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி துருஹியோ 1961-இல் கொல்லப்பட்டபின், தலைநகர் சாந்தோ தோமிங்கோவின் மதுக்கடைகளிலும் விலைமாதர் விடுதிகளிலும் கித்தாரோடு வளர்ந்த பாச்சாத்தா எனும் இசைவகையைப் பட்டிக்காட்டான் பாட்டென்று மேட்டுக்குடியினர் ஒதுக்கினர். ரேடியோ குவாராச்சித்தா போன்ற சிலவற்றைத் தவிர வானொலிகளும் அதைச் சீந்தவில்லை. பெர்க்லி இசைக்கல்லூரியில் பயின்ற பாடகர் ஹுவான் லூயிஸ் குவேரா 1990-இல் வெளியிட்ட ‘பாச்சாத்தா ரோசா’ என்ற இந்தப் பாடல் தொகுப்புக்குத்தான் கதவு திறந்தது, கிராமி விருதும் கிடைத்தது. கூட்டுக்குரல்களின் குழைவும் கவிநயமும் சொக்கவைக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் குவீரா எனும் உலோகக் குழலைச் சுரண்டும்போது எழும் கரகரப்பும், குடித்துவிட்டு அழுபவனின் குரலில் தட்டும் பிசிறும் இதில் வெகுவாக அடங்கிவிட்டன. (பெயரை நம்பி வாங்குவோர் கவனிக்க: பல பாடல்கள் மெரெங்கே எனும் துள்ளலான டொமினிக்கன் நடன இசை வகையின.) பாச்சாத்தா பாடகர் லூயிஸ் செகுராவின் பழைய பதிவுகளைக் கேட்டபின் இதற்கு வருவது நல்லது.