தேவி வழிபாட்டு ஆன்லைன் வகுப்பு: பாடம் சரி, நடத்துகிறவர்கள்தான் அதைப் படிக்கவில்லை

ரீக்ளெய்மிங் (Reclaiming) என்கிற பாகன் (Pagan, அதாவது இயற்கையை வணங்கும் மேல்நாட்டு) மரபைத் தமிழில் சொல்லித்தருவதாக விளம்பரம் வந்தது, 3,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஜூமில் வாரம் ஒரு வகுப்பு, ஒரு வாட்ஸ்அப் குரூப், கூரியரில் ஒரு பெட்டி. நடத்துபவர்கள் பெயர் இங்கே வேண்டாம்.

அடிப்படை நம்பிக்கைகள் பற்றிய வகுப்புகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. 1980 வாக்கில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டார்ஹாக் என்கிற எழுத்தாளரும் தோழிகளும் வகுப்பெடுக்க ஆரம்பித்ததில் வளர்ந்த மரபு இது. தேவி மேலே எங்கோ உட்கார்ந்து நம்மைக் கண்காணிப்பவள் இல்லை, பிறப்பது, வளர்வது, சாவது, மக்குவது, மறுபடி முளைப்பது என்று மண்ணில் ஓடுகிற சுற்றுக்குள்ளேயே இருக்கிறாள் என்கிறார்கள். மக்குவதையும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. காற்று, தீ, நீர், மண் நான்கும் புனிதம். ஒவ்வொருவருக்குள்ளும் தெய்வம் உண்டு, கடைசி அதிகாரம் அவரவர் உள்ளேதான், அதனால் தெய்வத்தை விளக்கிச் சொல்ல நடுவில் ஒரு ஆள் தேவையில்லை, எதையும் யாரையும் கேள்வி கேட்கலாம். இதையெல்லாம் 1997ல் கூடிப் பேசி, ஒருமித்து, எழுதி வைத்திருக்கிறார்கள். தேவி, தேவன் என்று இரண்டாக மட்டும் இருந்ததை 2012ல் எல்லாப் பாலினத்துக்கும் இடம் வருகிற மாதிரி மாற்றினார்களாம். தீட்சை விரும்பினால் வாங்கலாம், வாங்காதவரும் சடங்கை முன்னின்று நடத்தலாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஆசிரியை, "உங்க ஊர் இசக்கியம்மனும் இதுதான்" என்றார். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இசக்கி நம் நாட்டார் தெய்வம், மரத்தடியும் மண் உருவமும் போதும், கொடை விழாவில் சாமியாடுகிற கோமரத்தாடி மேல் அம்மன் இறங்கி நேரே பேசுவாள், அதுவரை சரி. ஆனால் இசக்கியிடம் நமக்குப் பயம் உண்டு, நேர்ச்சை பாக்கி வைத்தால் சும்மா விடமாட்டாள். அப்புறம் யார் சாமியாடுவது, யாருக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் குடும்பத்தோடும் சாதியோடும் கட்டிப்போட்ட விஷயம். அந்த வரிசையே கூடாது என்று ஆரம்பித்தவர்களோடு கொண்டுபோய் ஒன்று சேர்த்தால் இரண்டுமே புரியாது.

சொதப்பியது அரசியல் வந்தபோது. பூமி புனிதம் என்றால் அதற்காகத் தெருவில் இறங்குவதும் வழிபாடு என்பது இந்த மரபின் முதுகெலும்பு. 1981ல் கலிபோர்னியாவில் டையாப்ளோ கேன்யன் அணுமின் நிலையத்தை மறித்தவர்களில் ரீக்ளெய்மிங்காரர்களும் இருந்தார்கள், ஸ்டார்ஹாக் கைதும் ஆனார். இதை ஒரு ஸ்லைடில் போட்டு நகரப் பார்த்தார்கள். ராதாபுரம் பக்கத்து அக்கா ஒருவர், "அப்போ 2012ல கூடங்குளம் அணு உலைய எதிர்த்து இடிந்தகரையில கடல்ல இறங்கி நின்னாங்களே, அதுவும் இதுல சேருமா?" என்று கேட்டார். வகுப்பிலேயே நல்ல கேள்வி அதுதான். "அரசியல் வேண்டாம் மேடம், பாசிட்டிவா இருப்போம்" என்று பதில் வந்தது, மைக்கும் அணைந்தது.

பண்டிகைக் கணக்கும் அப்படியே இறக்குமதி. எட்டுத் திருநாள் கொண்ட ஆண்டுச் சக்கரம், அதில் டிசம்பர் கடைசியில் நீண்ட இரவு முடிந்து சூரியன் திரும்புகிறதாம். சரி, அது அவர்கள் ஊர்க் குளிருக்குப் பொருந்தும். இங்கே டிசம்பர் என்றால் மழை, 2023க்குப் பிறகு வெள்ளமும் ஞாபகத்துக்கு வரும். நீரை வணங்கும் பயிற்சியில் தாமிரபரணி பெயரை யாரும் எடுக்கவில்லை. அவரவர் ஊர் நிலத்தையும் ஆற்றையும் வைத்தே செய் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான மரபு இருக்கிறதா என்ன?

பெட்டி சுத்த வேஸ்ட். புகை போட வெள்ளை சேஜ் இலைக் கட்டு, நாலு கலர் மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடிக் கிண்ணம். நம் வீட்டுச் சாம்பிராணி எவ்வளவோ மேல்.

கடைசி வாரம் அடுத்த நிலை என்று ஒன்றைக் காட்டினார்கள். 12,000 ரூபாய், அதை முடித்து ஆசிரியை அனுமதி தந்தால்தான் சொந்தமாக வட்டம் போட்டுச் சடங்கு நடத்தலாமாம். நடுவில் ஆள் தேவையில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று குரூப்பில் கேட்டேன். "உங்களுக்கு இன்னும் தயார்நிலை வரவில்லை" என்றார்கள், அதோடு அட்மின் மட்டும் மெசேஜ் போடுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள்.

ஐந்துக்கு மூன்று, அந்த மூன்றும் நம்பிக்கைகளை விளக்கிய வகுப்புகளுக்கு. சேர்வதாக இருந்தால் பெட்டி வேண்டாம், வகுப்புக்கு மட்டும் கட்டுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், 900 ரூபாய் குறைக்கிறார்கள். கட்டிவிட்டுக் கேட்டால் தருவதில்லை.